செவிக்கு வந்த செய்தித்தாள்: தமிழகத் தேநீர்க்கடை வாசிப்பும் அதன் தேய்வும்

அச்சு நாளிதழ் வாசிப்பு குறைந்துவருவதைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் விற்பனையாகும் படிகளின் எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகின்றன. தமிழகத்தைப் பொறுத்தவரை அத்தொடக்கம் போதுமானதன்று. 1948இல் உருவான ஏ.பி.சி. என்னும் விற்பனைத் தணிக்கை அமைப்பு, விற்ற படிகளையே எண்ணியது. ஒரு படியைச் சுற்றி அமர்ந்து செய்தி கேட்டவர்கள் அக்கணக்கில் இடம்பெறவில்லை. இங்கு நாளிதழ் நெடுங்காலம் கண்ணால் படிக்கப்பட்ட அளவுக்குச் செவியாலும் நுகரப்பட்டது. அந்தக் கேட்கும் பழக்கமே முதலில் மறைந்தது. தாளின் தேய்வு அதற்குப் பின் வந்தது.

வாய்விட்டுப் படித்தல் தமிழ்ச் சமூகத்தில் நாளிதழோடு தோன்றியதன்று. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படித்தலும், திண்ணைகளில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைப் படித்துக் காட்டலும் அதற்கு முந்தியவை. நாவலின் வருகையோடு நடுத்தர வர்க்கத்தினரிடையே தனித்த, மௌனமான வாசிப்பு வேரூன்றியதை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விளக்கியுள்ளார். நாவல் மௌனத்தை நோக்கி நகர்த்திய வாசிப்பை, அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் ஓசையோடு நிலைநிறுத்தியது நாளிதழ் எனலாம். ஆயினும் எல்லா நாளிதழ்களுக்கும் இது பொருந்தாது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கி 1899இல் நாளிதழாக்கிய ‘சுதேசமித்திரன்’ முதன்மையாகக் கற்றோருக்கான இதழாகவே இருந்தது. 1934இல் தோன்றிய ‘தினமணி’ வாசகப் பரப்பை விரித்தபோதும் அதன் நடை படித்தவரை முன்னிறுத்தியதே.

திருப்பம் 1942இல் நிகழ்ந்தது. மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’, பின்னாளில் ‘தினத்தந்தி’, மக்கள் பேசும் சொற்களைக் கொச்சை நீக்கி எழுதுதல் என்பதைக் கொள்கையாகக் கொண்டது. குறுகிய வாக்கியம், பெரிய தலைப்பு, நிகழ்ச்சியைக் கதைபோல் சொல்லும் முறை ஆகியவை எழுத்துக்கூட்டிப் படிப்போருக்காக அமைந்தவை என்று வழக்கமாகக் கூறப்படும். அது பாதி உண்மையே. அவை உரக்கப் படிப்பதற்கும் ஏற்றவை. நீண்ட எச்சத் தொடர்களைக் கொண்ட தலையங்கத்தை ஒருவர் படிக்க மற்றவர் கேட்டுப் பின்தொடர்வது கடினம். கொலை வழக்கு விசாரணையை அந்நடையில் கேட்பது எளிது. 1951 கணக்கெடுப்பில் தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே என்பதை இத்துடன் சேர்த்துக் காணவேண்டும்.

இவ்வாசிப்பின் களம் தேநீர்க்கடை. கடைக்காரர் வாங்கிப்போடும் ஒரே படி தாள் தாளாகப் பிரிக்கப்பட்டுக் கைமாறும். நடுத்தாள் ஒருவரிடமும் முதல் தாள் இன்னொருவரிடமும் இருக்க, முதல் தாளை வைத்திருப்பவர் தலைப்பை உரக்கப் படிப்பார். கேட்பவர் குறுக்கிட்டு வினவுவார். உறவும் ஊரும் தெரிந்தவர் செய்திக்கு விளக்கம் சேர்ப்பார். பாரதம் படிப்பவருக்கும் அதற்குப் பொருள் விரிக்கும் பிரசங்கியாருக்கும் இடையிலான பழைய வேலைப்பிரிவினை இங்கே வேறு உருவில் தொடர்ந்தது. முடிதிருத்தகங்களிலும் இதுவே நிலை. இறுதியில் அத்தாள் வடை மடிக்கவோ எடைக்குப் போடவோ சென்றது. திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமை இயக்கத்தாரும் ஊர்தோறும் அமைத்த படிப்பகங்கள் இப்பழக்கத்திற்கு அரசியல் வடிவம் தந்தன. ‘விடுதலை’, ‘முரசொலி’, ‘ஜனசக்தி’ ஆகியவற்றின் செல்வாக்கை அவற்றின் விற்பனையைக் கொண்டு அளக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

எனினும் இதனைச் சமத்துவ வெளியாகப் போற்றும் ஏக்க எழுத்துகளை ஐயத்தோடே அணுகவேண்டும். இரட்டைக் குவளை முறை நிலவிய கடைகளில் பலகையில் அமரும் உரிமை மறுக்கப்பட்டவருக்கு அங்குக் கிடந்த தாளும் எட்டாததாயிற்று. வெளியே நின்றவர் செவியில் செய்தி விழுந்திருக்கலாம். தாள் அவர் கைக்கு வரவில்லை. பெண்களுக்கோ பெரும்பாலான ஊர்களில் அக்கடையே அன்னியம்.

தேய்வுக்குக் கைப்பேசியை மட்டும் காரணமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. உரக்கப் படிப்பவரின் தேவையைக் குறைத்தது பள்ளிக்கல்வியே. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 80 விழுக்காட்டை எட்டியது. தாமே படிக்கத் தெரிந்தவர் பிறர் படிக்கக் காத்திருப்பதில்லை. செவியின் பங்கைத் தொலைக்காட்சி கைப்பற்றியது. 1993இல் வந்த சன் தொலைக்காட்சியும், 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் செய்தியைக் கேட்கும் இடத்தைக் கடையிலிருந்து வீட்டிற்கு மாற்றின. 2016க்குப் பின் மலிந்த இணையத் தரவு கண்ணின் பங்கையும் எடுத்துக்கொண்டது. 2020 மார்ச் ஊரடங்கில் தேநீர்க்கடைகள் மூடப்பட்டன. மே மாதம் திறந்தபோது பொட்டலமாக வாங்கிச் செல்ல மட்டுமே அனுமதி. அமர்ந்து படிப்பதற்கு அவ்விதியில் இடமில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த பழக்கத்தின்மீது விழுந்த அடி அது.

ஆய்வாளர் முன் உள்ள இடர் சான்று பற்றியது. கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய தாள்களைக் காத்துவருகின்றன. ஆனால் எந்தச் செய்தி உரக்கப் படிக்கப்பட்டது, எது தவிர்க்கப்பட்டது, படித்தவர் யார், எங்கே அமர்ந்து யார் கேட்டனர் என்பவை எந்தத் தாளிலும் பதிவாகவில்லை. பிரான்சிஸ் கோடி போன்ற மானிடவியலாளர் இந்நூற்றாண்டில் தமிழக நாளிதழ் வாசிப்பை நேரில் கண்டு எழுதியுள்ளனர். அவர்கள் கண்டது இப்பழக்கத்தின் பிற்காலத்தையே. அதன் செழிப்பான காலத்திற்கு வாய்மொழிச் சான்றைத் தவிர வேறு வழி குறைவு. ‘தினத்தந்தி’யில் ‘கன்னித்தீவு’ தொடங்கிய 1960இல் பதினைந்து வயதில் கடைப்பலகையோரம் நின்று கேட்டவர் இன்று எண்பதை எட்டியிருப்பார். அவருக்குப் படித்துக் காட்டியவர் அவரினும் மூத்தவர்.