உணர்ச்சிவழி உண்ணலும் எடைக் கட்டுப்பாடும் (ஜெர்மனி)

உணர்ச்சிவழி உண்ணல் என்பது வயிற்றுப் பசி இல்லாதபோதும் கவலை, கோபம், தனிமை, சலிப்பு, களைப்பு ஆகியவற்றின் உந்துதலால் உண்பது. இது தனி நோய் அன்று. ஏறக்குறைய எல்லோரிடமும் ஓரளவு காணப்படும் பழக்கம். மனச் சுமையை இறக்க உணவைத் தவிர வேறு வழி தெரியாத நிலை வரும்போதுதான் எடை ஏறுகிறது. ஏறிய எடையும் இறங்க மறுக்கிறது. துயரத்தில் தின்று ஏற்றிக்கொண்ட எடையை ஜெர்மானியர் பேச்சுவழக்கில் ‘கும்மர்ஷ்பெக்’ என்பார்கள். பசியையும் மனவுணர்வையும் பிரித்தறிய முடியாமை பற்றிய முன்னோடிக் கோட்பாட்டை வகுத்தவர் ஜெர்மனியில் பிறந்த மருத்துவர் ஹில்டே புரூக். கடுமையான உணவுத் தடைகள் இப்பழக்கத்தை மேலும் வளர்க்கும் என்பதைப் பெரும் அளவில் ஆராய்ந்ததும் ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்றே.

வரையறையும் அடையாளங்களும்

உடலின் பசி மெல்ல மெல்ல ஏறும். கிடைத்த உணவு எதுவானாலும் அடங்கும். வயிறு நிறைந்ததும் நின்றுவிடும். உணர்ச்சியால் எழும் பசி சட்டென வரும். சாக்லேட், சிப்ஸ், கேக் என்று குறிப்பிட்ட ஒன்றையே கேட்கும். வயிறு நிறைந்த பின்னும் நிற்காது. முடிவில் குற்றவுணர்வை விட்டுச்செல்லும்.

எல்லா உணர்ச்சிகளும் உண்ணத் தூண்டுவதில்லை. வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக உளவியலாளர் மிஹாயெல் மாக்ட் 2008இல் வெளியிட்ட ஐந்துவழி மாதிரி இதை விளக்குகிறது. பேரச்சமும் பெருந்துயரும் பசியைக் கொன்றுவிடும். மிதமான வருத்தம், எரிச்சல், சலிப்பு ஆகியவையே பலரை உணவின் பக்கம் தள்ளுகின்றன. அவர்களிலும் இருவகையினர் உண்டு: மனத்தை ஆற்றிக்கொள்ளவே உண்பவர்கள், எந்நேரமும் உணவைக் கட்டுப்படுத்தி வைத்திருந்து, மனம் குலையும்போது அந்தப் பிடியை நழுவவிடுபவர்கள்.

மிகையுண்ணல் நோய் இதிலிருந்து வேறுபட்டது. இரண்டு மணி நேரம் போன்ற குறுகிய காலத்துக்குள், தன்வசம் இழந்து, வழக்கத்துக்கு மிக அதிகமாக உண்ணும் நிகழ்வுகள் சராசரியாக வாரம் ஒருமுறையாவது 3 மாதங்களுக்குத் தொடர்ந்தால் அது நோயாகக் கருதப்படும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட உளநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அதைத் தனி நோயாக ஏற்றது.

ஆய்வு வரலாறு

ஹில்டே புரூக் 1904இல் டூல்கென் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஃபிரைபுர்க்கில் மருத்துவம் படித்து 1929இல் பட்டம் பெற்றார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் பருமனான குழந்தைகளை ஆராய்ந்தபோது, சுரப்பிக் கோளாறே காரணம் என்று அன்று நிலவிய நம்பிக்கை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருந்தவில்லை என்று கண்டார். குழந்தை எதற்கு அழுதாலும், பயமோ வலியோ தூக்கமோ எதுவானாலும், வாயில் உணவை வைத்து அடக்கும் வீட்டில் வளரும் குழந்தைக்குப் பசி எது, வேறு வேதனை எது என்று பிரித்தறியும் பயிற்சியே கிடைப்பதில்லை என்பது அவர் வந்தடைந்த முடிவு. உணவுக் கோளாறுகள் குறித்து 1973இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. ஹூஸ்டனில் பேராசிரியராகப் பணியாற்றிய அவர் 1984இல் மறைந்தார். தாய்மார்மீது அவர் அளவுக்கு மீறிப் பழி சுமத்தினார் என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. ஆயினும் பசியுணர்வைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற அவருடைய கருத்து இன்றும் சிகிச்சைகளில் இடம்பெறுகிறது.

இரண்டாம் கட்ட ஆய்வுகள் கோட்டிங்கென் பல்கலைக்கழகத்தில் நடந்தன. ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கத்தின் தலைவராகவும் இருந்த உளவியலாளர் ஃபோல்கர் பூடெல், யோஆஹிம் வெஸ்டன்ஹோஃபருடன் சேர்ந்து, உண்ணும் நடத்தையை அளக்கும் அமெரிக்க வினாப்பட்டியல் ஒன்றின் ஜெர்மன் வடிவத்தை 1989இல் வெளியிட்டார். எடைக் குறைப்புப் பயிற்சித் திட்டமொன்றில் சேர்ந்த 50,000க்கும் மேற்பட்டோரின் விடைகளை ஆராய்ந்த வெஸ்டன்ஹோஃபர், உணவுக் கட்டுப்பாடு இரண்டு வகை என்று 1991இல் காட்டினார். “இனி சாக்லேட்டைத் தொடவே மாட்டேன்” என்பது இறுக்கமான கட்டுப்பாடு. “இந்த வாரத்துக்கு இவ்வளவு, இன்று கூடினால் நாளை குறைத்துக்கொள்வேன்” என்பது நெகிழ்வான கட்டுப்பாடு. இறுக்கமானவர்களிடம் கட்டுப்பாடிழந்து உண்பது அதிகமாகவும், நெகிழ்வானவர்களிடம் குறைவாகவும் இருந்தது.

பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் ஆகியோர் 1975இல் அமெரிக்காவில் செய்த சோதனையும் இதற்கு முன்பே இந்தத் திசையைக் காட்டியிருந்தது. உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துப் பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தபோது, மில்க்‌ஷேக் குடிக்காதவர்களைவிட அவர்கள் அதிகமாகவே உண்டார்கள். விரதம் கெட்டுவிட்டது, இனி என்ன என்ற மனநிலையே காரணம்.

உடலில் நடப்பது

திடீர் அதிர்ச்சியின்போது அட்ரினலின் பெருகிப் பசி அடங்கும். நாள்கணக்கில் நீளும் மன அழுத்தத்தில் கார்ட்டிசோல் சுரப்பு உயர்ந்து பசியும் கூடும். குறிப்பாக இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த உணவின்மீது நாட்டம் ஏறும். தூக்கம் குறைந்தாலும் பசி கூடுகிறது. இனிப்பைச் சுவைத்த சில நிமிடங்களுக்கு மனம் உண்மையாகவே இலேசாகிறது. ஆனால் அந்த ஆறுதல் நிலைப்பதில்லை. அழுத்தத்துக்கு உணவு என்ற முடிச்சு மட்டும் மூளையில் இறுகிவிடுகிறது.

கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வளர்சிதைமாற்ற ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இம்முடிச்சு எவ்வளவு எளிதில் விழுகிறது என்பதைக் காட்டியது. சராசரி எடை கொண்ட தன்னார்வலர்களில் ஒரு பிரிவினர் வழக்கமான உணவுடன் கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த சிறு கிண்ணப் புட்டிங்கை 8 வாரங்களுக்கு நாள்தோறும் உண்டனர். மற்றொரு பிரிவினருக்கு அதே கலோரி அளவுள்ள, கொழுப்பு குறைந்த புட்டிங் தரப்பட்டது. இரு பிரிவினரின் எடையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. ஆனால் கொழுப்புப் புட்டிங் உண்டவர்களின் மூளை, அத்தகைய உணவுக்கு முன்னைவிட வலுவாக எதிர்வினை காட்டியது. கொழுப்பு குறைந்த உணவின்மீது அவர்களின் விருப்பமும் சரிந்தது. எடை ஏறுவதற்கு முன்பே விருப்பம் மாறிவிடுகிறது என்பது இதன் பொருள்.

உணவுச் சூழல்

போருக்குப் பிந்தைய பஞ்சத்தை அனுபவித்த மேற்கு ஜெர்மனியில் 1948 ஜூன் நாணயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கடைகள் நிரம்பின. பங்கீட்டு அட்டைகள் 1950இல் ஒழிந்தன. கிழக்கு ஜெர்மனியில் அவை 1958 வரை நீடித்தன. வெண்ணெய், இறைச்சி, க்ரீம் கேக் என்று மேற்கில் மக்கள் ஆசைதீர உண்ட அக்காலத்தை வரலாற்றில் ‘உண்ணும் அலை’ என்றே குறிப்பிடுவார்கள். அலை ஓய்ந்ததும் எடை குறைப்பு அலை வந்தது: ‘பிரிகிட்டே’ மகளிர் இதழின் உணவுத் திட்டம் 1969இல் தொடங்கியது, ஜெர்மன் விளையாட்டுக் கூட்டமைப்பின் உடற்பயிற்சி இயக்கம் 1970இல் வந்தது.

இன்றைய சூழலில் தூண்டுதலுக்குக் குறைவில்லை. பிற்பகலில் காப்பியும் கேக்கும் உறவுகளைக் கூட்டும் வழக்கம். மறுத்தால் மனம் கோணும். பல்பொருள் அங்காடியில் பணம் செலுத்தும் வரிசையின் ஓரத்தில், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் மிட்டாய்கள் அடுக்கியிருக்கும். கிறிஸ்துமஸுக்கான லெப்கூகென், ஷ்டோலன் போன்ற பலகாரங்கள் செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிடும். பெர்லினில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. குளிர்காலச் சோர்வால் வாடுபவர்களுக்கு மாவுச்சத்தின்மீது நாட்டம் கூடுவது மருத்துவர்கள் நன்கறிந்த அறிகுறி.

பரவல்

ராபர்ட் கோக் நிறுவனம் 2019/2020இல் நடத்திய ஆய்வில், தாங்களே சொன்ன உயரம், எடையின்படி, வயதுவந்தோரில் 53.5 சதவீதத்தினர் மிகை எடையுடன் இருந்தனர். இதில் உடல் பருமன் உள்ளவர்கள் 19 சதவீதம். 2014 முதல் 2017 வரை நடந்த ஆய்வில் 3 முதல் 17 வயதினரில் 15.4 சதவீதத்தினருக்கு மிகை எடை காணப்பட்டது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்து மருத்துவ மையத்துக்காக 2021இல் நடந்த கருத்துக்கணிப்பில், கொரோனாக் காலத்தில் எடை கூடியதாகச் சொன்னவர்கள் சுமார் 40 சதவீதம். அவர்களுக்குக் கூடியது சராசரியாக 5.6 கிலோ. இந்த எடையெல்லாம் உணர்ச்சிவழி உண்ணலால் வந்ததன்று. மரபு, வருமானம், வேலை நேரம், நடமாட்டக் குறைவு, சில மருந்துகள் ஆகியவையும் காரணங்கள்.

பழக்கத்தை மாற்றும் முறைகள்

முதல் கருவி உணவுக் குறிப்பேடு. உண்ட பொருளை மட்டும் எழுதினால் அது கலோரிக் கணக்காகவே நின்றுவிடும். நேரம், இடம், உடனிருந்தவர், 0 முதல் 10 வரையான பசியின் அளவு, உண்பதற்கு முன்னும் பின்னும் இருந்த மனநிலை ஆகியவற்றையும் எழுத வேண்டும். ‘மாலை 6.30, சமையலறை, நின்றபடி, தனியாக, பசி 2, மேலாளருடன் வாக்குவாதம், பிஸ்கட் அரைப் பொட்டலம், பின்பு எரிச்சல்’ என்பது போன்ற பதிவுகள் இரண்டு மூன்று வாரம் சேர்ந்தால், எந்த நேரமும் எந்த மனநிலையும் கையைப் பலகார டப்பாவுக்கு இழுக்கின்றன என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, நேரம் தவறாமல் உண்பது. காலை உணவைத் தள்ளி, மதியம் அரை வயிற்றோடு நிறுத்துபவருக்கு மாலையில் பசியும் மனச்சோர்வும் சேர்ந்தே வரும். அப்போது எது எதுவென்று பிரிக்க இயலாது. மூன்றாவது, கோட்டிங்கென் ஆய்வு காட்டிய நெகிழ்வு: எந்த உணவையும் முற்றாக விலக்காமல், நாளுக்கு என்றில்லாமல் வாரத்துக்கு என்று அளவு வகுப்பது. ஒருநாள் தவறினால் திட்டமே பாழானதாகாது.

நான்காவது, உணவு செய்துவந்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைப்பது. களைப்புக்கு ஓய்வு, தனிமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, படபடப்புக்கு வேகநடை என்று உணர்ச்சிக்கேற்ற மாற்று வேண்டும். அதற்கு முன் அந்த உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத் தெரிய வேண்டும். எர்லாங்கென் பல்கலைக்கழகப் பேராசிரியர் மத்தியாஸ் பெர்கிங் உருவாக்கிய உணர்ச்சித் திறன் பயிற்சி இதைப் படிப்படியாகக் கற்பிக்கிறது. ஐந்தாவது, வீட்டில் பெரும் பொட்டலங்களை வாங்கிச் சேர்க்காதிருப்பது. மனம் தளர்ந்த நேரத்தில் மன உறுதியைவிடத் தூரம் நன்றாக வேலை செய்யும்.

சிகிச்சையும் காப்பீடும்

ஜெர்மன் உடற்பருமன் சங்கத்தின் தலைமையில் 2014இல் வெளிவந்த மருத்துவ வழிகாட்டி, உணவு, உடலியக்கம், நடத்தைச் சிகிச்சை ஆகிய மூன்றையும் இணைத்தே பரிந்துரைத்தது. நாளுக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைத்து, உடல் நிறை எண் 25 முதல் 35 வரை உள்ளவர்கள் 6 முதல் 12 மாதங்களுக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறக்குவது இலக்கு. வழிகாட்டி 2024இல் புதுப்பிக்கப்பட்டது.

மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் அரசுமுறைக் காப்பீட்டில் உள்ளனர். சான்று பெற்ற ஊட்டச்சத்துத் தடுப்புப் பயிற்சிகளின் கட்டணத்தில் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. உடல் பருமனுக்கான செயலிகளையும் மருத்துவர் சீட்டில் எழுதித் தரலாம். ‘சனாடியோ’ என்ற செயலி 2020 அக்டோபரில் இதற்கான பட்டியலில் சேர்ந்தது. உளநோய் என்று கண்டறியப்பட்டால் உளச்சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்கும். முதல் சந்திப்புக்குக் குடும்ப மருத்துவரின் பரிந்துரை தேவையில்லை. ஆனால் இடம் கிடைக்கப் பல மாதங்கள் காத்திருக்க நேர்வது சாதாரணம். உடல் பருமனுக்கான தொடர் பராமரிப்புத் திட்டத்தின் விதிகள் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. எடை குறைப்பு மருந்துகளுக்கு மட்டும் சட்டம் கதவை மூடியிருக்கிறது: 2023 ஜூலையில் சந்தைக்கு வந்த ‘வெகோவி’ ஊசியை எடை குறைக்க வாங்குபவர்கள் சொந்தப் பணத்திலேயே வாங்க வேண்டும்.

மிகையுண்ணல் நோய்க்கு, ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டினா டி ஸ்வான் தலைமையில் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 178 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2017இல் வெளியானது. நேருக்கு நேர் அளிக்கும் அறிதல்நடத்தைச் சிகிச்சை, இணையவழி வழிகாட்டலைவிட விரைவாகப் பலன் தந்தது. பொதுவாக இச்சிகிச்சைகள் கட்டுப்பாடற்ற உண்ணலை நன்கு குறைக்கின்றன. எடையை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. மேலும் ஏறாமல் தடுப்பதே முதல் வெற்றி.

ஜெர்மன் தமிழரிடையே

இலங்கையில் 1983இல் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு ஈழத்தமிழர் பெருமளவில் ஜெர்மனிக்குப் புலம்பெயர்ந்தனர். 2002இல் குடமுழுக்கு நடந்த ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழா இன்று நாடெங்கிலுமிருந்து தமிழர் கூடும் நிகழ்வு. இரவு வேலை, உறவுகளின் பிரிவு, பிறந்தநாள் முதல் பூப்புனித நீராட்டு வரை ஓயாத விருந்துகள் ஆகியவை சேரும் வாழ்க்கையில், விருந்தோம்பலையும் ஆறுதலையும் சோற்றிலிருந்து பிரிப்பது எளிதன்று. தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் ஆசிய மக்களுக்கு உடல் நிறை எண் 23இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. ஐரோப்பியருக்கான எல்லையான 25ஐ மட்டும் பார்த்து நிம்மதியடைவது தமிழருக்குப் பொருந்தாது. தடுப்புப் பயிற்சிகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடப்பது முதல் தலைமுறையினருக்குத் தடையாகிறது.

விவாதங்கள்

உணர்ச்சிவழி உண்பவர் என்று வினாப்பட்டியல் அடையாளம் காட்டும் சிலர், ஆய்வகத்தில் வருத்தமூட்டப்பட்டபோது மற்றவர்களைவிட அதிகம் உண்ணவில்லை என்று பல சோதனைகள் காட்டியுள்ளன. தன் உண்ணலைப் பற்றிய கவலையையே இத்தகைய வினாப்பட்டியல்கள் அளக்கின்றன என்பது ஒரு சாராரின் வாதம். கடும் தடையும் குற்றவுணர்வும் பழக்கத்தைத் தணிப்பதில்லை என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள். கட்டுப்பாடிழந்து உண்பது வாரந்தோறும் நேர்ந்தால் புதிய டயட்டைத் தேடாமல் குடும்ப மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 116117 என்ற எண்ணை அழைத்தால் உளச்சிகிச்சையாளருடன் முதல் சந்திப்புக்கு நேரம் பெறலாம்.