உயிர்க்கோளம்

பூவுலகில் உயிர்கள் வாழும் பரப்பு முழுவதையும் ஒரே பெயரால் சுட்ட வேண்டும் என்னும் எண்ணம், விலங்கையும் செடியையும் ஆராய்ந்தவருக்கு முன்னரே, மலைகளின் பிறப்பை ஆராய்ந்து கொண்டிருந்த வியன்னா நகரத்து நிலவியற் பேராசிரியர் எடுவார்ட் சூயஸுக்குத் தோன்றிற்று. 1875-இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தோற்றத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலில், உயிர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் பந்து என்று பொருள்படும் மற்றொன்றையும் இணைத்து, 'பயோஸ்பியர்' என்று அவர் பெயரிட்டார். நம்மவர், உயிர் என்னும் தமிழ்ச்சொல்லோடு கோளம் என்னும் வடசொல்லைப் புணர்த்தி உயிர்க்கோளம் என்றனர். உயிர்மண்டலம் என்பாரும் உளர். கோளம் என்றாலும் அது திரண்ட உருண்டையன்று, பூமியைப் போர்த்திய மெல்லிய உறையே.

சூயஸ் விரித்துரையாது விட்ட அச்சொல்லை, 1926-இல் ருஷ்ய விஞ்ஞானி விளாதிமிர் வெர்னாட்ஸ்கி தம் நூலுக்கே பெயராக்கி, காற்றிலுள்ள பிராணவாயுவும் நிலத்திலுள்ள சுண்ணாம்புப் பாறையும் ஜீவராசிகளின் கிரியையால் விளைந்தவை என்று நிறுவியபோதுதான் அதற்கு முழு வலிமை வந்தது. படிவுப் பாறைகளை அவர் பழைய உயிர்க்கோளங்களின் எச்சமாகவே கண்டார்.

1971-இல் யுனெஸ்கோ தொடங்கிய 'மனிதனும் உயிர்க்கோளமும்' என்னும் திட்டத்தினால், உலகளாவிய இப்பெயர் எல்லை வகுத்த இடங்களுக்கும் உரியதாயிற்று. டெக்சஸின் பிக் பெண்ட் 1976-இலும், நம் நீலகிரி 1986-இலும், சான் பிரான்சிஸ்கோவைச் சூழ்ந்த கோல்டன் கேட் 1988-இலும் உயிர்க்கோளக் காப்பகங்களாயின. காப்பகம் என்பது பேச்சில் உதிர்ந்துவிட, முழுமையின் பெயர் ஒரு துண்டுக்கு நிற்பது எனக்கு உவப்பன்று. ஆயினும் கோல்டன் கேட் அப்பெயருக்கு மிகவும் தகுதியுடையது.

கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடபால் மரின் குன்றுகளில் ஏறும் சாலையோரத்தில், இரண்டு மூன்று விரற்கடை கனமுள்ள செந்நிற அடுக்குகள், இடையிடையே மெல்லிய களிப்பாறை செறிந்து, மடிந்தும் நெளிந்தும் கிடக்கின்றன. சக்கிமுக்கிக் கல்லின் இனத்ததாகிய 'செர்ட்' பாறை அது. ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பத்துக் கோடி ஆண்டுக் காலம் ஆழ்கடல் தரையில் படிந்து இறுகியதால் உண்டாயிற்று. கடல்தட்டு நகர்ந்து வந்து அதனைக் கண்டத்தின் விளிம்பில் ஒட்டிச் சென்றது. உருப்பெருக்காடியை வைத்துப் பார்த்தால் அவ்வோடுகள் சிறு புள்ளிகளாகத் தெரியும். ஆதலின், உயிர்க்கோளத்துக்குப் பொருளுரைப்போர் 'உயிர்கள் வாழும் பகுதி' என்னும் அளவோடு நிற்றல் போதாது. உயிர்கள் ஆக்கிய கல்லும் காற்றும் அப்பொருளுரையில் இடம்பெற வேண்டும்.