மூங்கில் அணத்தானும் வால்டர் எலியட்டும்

போன மாதம் போடிமெட்டு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. எதிர் மரத்தில் பெரிய மலையணில். "தாத்தா, எத்தனை அணிலுக்குத் தமிழில் பேர் இருக்கு?" என்றான் பேரன். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மூங்கில் அணத்தான். பார்வைக்கு அணில்தான், ஆனால் அணில் இனமே அல்ல. பூச்சி தின்னும் வேறு பிராணி. அறிவியலில் அதன் பெயர் 'அனதானா எல்லியோட்டி'. முன்பாதி நம் தமிழ்ச் சொல். பின்பாதி, சென்னை அரசாங்கத்தில் வேலை பார்த்த சர் வால்டர் எலியட்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த நான் குவியே, பூஃபோன் பெயர்களை மனப்பாடம் செய்தவன். எலியட்டைத் தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகு.

1803இல் எடின்பரோவில் பிறந்தவர், 1821இல் சென்னை வந்தார். 1824 கிட்டூர்க் கிளர்ச்சியில், ராணி சென்னம்மாவின் ஆட்களிடம் சில வாரம் கைதியாக இருந்து உயிர் தப்பினார். 1839இல் தென் மராத்தா நாட்டுப் பாலூட்டிகளைப் பட்டியலிட்டார். தெலுங்கு நாட்டுச் செடிகொடிகளை ஊர்ப் பெயர்களோடு தொகுத்து 1859இல் வெளியிட்டார். டார்வினுக்குப் புறாத் தோல்கள் அனுப்பினார். டார்வின் தம் புகழ்பெற்ற நூலில் அவர் பெயரைச் சொல்கிறார். இத்தனையும் அரசாங்க வேலைக்கு நடுவே! நானெல்லாம் மாலையில் கோப்பை மூடினால் செய்தித்தாளைக்கூடப் பிரிக்கமாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. 1845இல் அமராவதி ஸ்தூபத்தைத் தோண்டி, சிற்பக் கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவை வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விட்டிருந்தால் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருக்கும் என்பார்கள். அதில் உண்மை உண்டு; அங்கே பல கற்கள் அப்படித்தான் போயின. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

1860இல் ஊர் திரும்பினார். முதுமையில் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அந்த நிலையில்தான் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய பெரிய நூலை முடித்தார். 1887 மார்ச் 1 காலையில், ஜி.யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்துத் தாமே கையெழுத்திட்டார். போப்பின் திருக்குறள் பதிப்பைப் பற்றிய குறிப்பை முந்தின நாள் வாசிக்கக் கேட்டு மகிழ்ந்ததைச் சொல்லி, வேறு சில பழந்தமிழ் நூல்களைப் பற்றியும் விசாரித்திருந்தார். அன்று மாலை காலமானார்.

போடி, தேவாரம் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது 'மூங்கில் அணத்தான்' என்று சொல்லிக் கேட்டிருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். பேரனுக்குச் சொல்ல வேண்டும்.