80 இசைத்தட்டு, 6 கேசட், ஒரு மெமரி கார்டு

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் இரவு பத்து மணிக்கு மேல்தான் கூத்து களைகட்டும். முகவீணை முனக, ஆர்மோனியம் சேர்ந்துகொள்ள, கட்டியங்காரன் வந்து ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலி பேசி முடிப்பதற்குள் குழந்தைகள் பாயில் சுருண்டிருப்பார்கள். பெரிய வேடம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்கும்போது நள்ளிரவு. கூத்து முடிகையில் கிழக்கு வெளுத்திருக்கும். கணக்குக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த எட்டு மணி நேரத்தை அப்படியே பிடித்து வைக்க ஒருவர் ஆசைப்பட்டிருந்தால் என்ன தேவைப்பட்டிருக்கும்? 1930களில் என்றால் 78 சுற்று இசைத்தட்டுதான் வழி. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். எட்டு மணி நேரத்துக்கு 160 பக்கம், அதாவது 80 தட்டு. 1980களில் 90 நிமிட கேசட் ஐந்து முழுதாகத் தீர்ந்து, ஆறாவதிலும் மூன்றில் ஒரு பங்கு ஓடியிருக்கும். இன்று சிடி தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம் 16 பிட்டில், இரண்டு சேனலாகப் பதிந்தால் நிமிடத்துக்குப் பத்தரை எம்பி. மொத்தம் சுமார் ஐந்து ஜிபி. விரல் நகமளவு மெமரி கார்டில் இப்படிப் பல கூத்துகளை அடைக்கலாம். ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. வழக்கமான வேவ் கோப்பு ஒன்றில் நாலு ஜிபிக்கு மேல் கொள்ளாது. கர்ண மோட்சமோ பதினெட்டாம் போரோ, விடியும் நேரத்து உச்சக் காட்சி இரண்டாவது கோப்புக்குத்தான் போகும்.

பதிவுக் கருவிகளின் வரலாறு இந்தக் கணக்குக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. எந்தக் கருவியும் வெறும் பாத்திரம் அல்ல. எவ்வளவு பாடலாம், எப்படிப் பாடலாம் என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது.

கிராமபோன் காலத்தில் இயந்திரம் ஊருக்கு வரவில்லை, கலைஞர்தான் இயந்திரத்தைத் தேடிப் போனார். 1902-இல் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தபோது தொடங்கிய தொழில், சில பத்தாண்டுகளில் சென்னையில் வேரூன்றியது. ஏ.வி. மெய்யப்பன் படத்தயாரிப்புக்கு வருமுன் நடத்தியது சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு வியாபாரம்தான். நாடகங்களைப் பல தட்டுகளாக வெட்டி ‘நாடக செட்’ என்று விற்றார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைத் திருப்பிப் போட வேண்டும். கூத்தின் நீண்ட விருத்தத்துக்கு அங்கே இடமே இல்லை.

கள்ளக்குறிச்சிக்காரருக்குச் சென்னையைவிடக் கிட்டத்தில் ஒரு பதிவுக்கூடம் இருந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆத்தூர் வழியாகச் சேலம் போய், ஏற்காடு சாலையில் இறங்கினால் மாடர்ன் தியேட்டர்ஸ். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. தமிழின் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அங்கே பிறந்ததுதான். ஸ்டூடியோ போய்விட்டது, முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. இருந்த காலத்திலும் அது சினிமாவுக்கான கூடம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற ஒருவர் தன் பாட்டைப் பதிந்துகொண்டு போகிற இடம் அல்ல.

மலையின் கதையே தனி. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் இருந்த கல்வராயன், அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-இல்தான். நாட்டுப்புற மெட்டைத் திரையின் நடுவே கொண்டுவந்து வைத்த ‘அன்னக்கிளி’ வெளியானதும் அதே 1976. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் கிராமத்துப் பாட்டு நகரத்து ஸ்டூடியோவுக்குள் போன ஆண்டில், இந்த மலை அப்போதுதான் மற்ற தமிழ்நாட்டோடு நிர்வாகத்தில் சேர்ந்தது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பிறகு வந்தது கேசட். 1963-இல் பிலிப்ஸ் அறிமுகம் செய்த இந்தச் சின்னப் பெட்டி, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 80களில்தான் முழு வீச்சோடு நுழைந்தது. வளைகுடா போய் வந்தவர் தோளில் டூ-இன்-ஒன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெக்கார்டிங் சென்டர். வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் மறுநாள் கேசட் தயார். பெயர்தான் ரெக்கார்டிங் சென்டர், அங்கே நடந்தது பதிவு அல்ல, பிரதி. அசல் பதிவு நடந்தது கூத்துக் களத்தில். ரேடியோ செட்காரரின் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரை வைத்து, சிவப்புப் பித்தானையும் பக்கத்துப் பித்தானையும் சேர்த்து அழுத்தினார். வீட்டுப் பதிவு என்ற சொல் வருவதற்கு முன்பே இந்த ஊர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தன.

வெளிநாட்டில் அதே கேசட் வேறொரு வேலை பார்த்தது. 1979-இல் டீயாக் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ, சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிய விட்டது. குரல் ஒன்று, கிடார் ஒன்று, அதன்மேல் இன்னொரு குரல். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வீட்டு அறையில் இதை வைத்துப் பதிந்த மாதிரிப் பாட்டுகளே 1982-இல் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தன. பிற்கால மென்பொருள்கள் எல்லாம் திரையில் வரைந்து காட்டுவது இந்தப் பெட்டியைத்தான்: கிடைமட்டமாக ஓடும் தடங்கள், பக்கத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபித்தான்கள்.

1983-இல் வந்த மிடி கதையைத் திருப்பியது. வெவ்வேறு கம்பெனி கீபோர்டுகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழி அது. மிடியில் போவது ஒலி அல்ல, எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தமாகத் தொட்டார்கள் என்ற குறிப்பு. தமிழ் சினிமா இதைப் பிடித்துக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே இளையராஜா கணினி சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1989-இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவைக் கட்டினார். 1992-இல் ‘ரோஜா’. நூறு வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே டேக்கில் வாசித்த தொழில்முறைக்கு எதிரே, ஒரு வீட்டு அறையில் ராத்திரி முழுக்க அடுக்கடுக்காகச் சேர்த்த இசை வந்து நின்றது. தமிழ்நாட்டில் வீட்டு ஸ்டூடியோவுக்கு ஆண்டுக் கணக்கு தொடங்க வேண்டுமானால் 1989-இலிருந்து தொடங்குவதே நியாயம்.

கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ இன்று ஒரு பையன் கணினியைத் திறந்து பாட்டுக் கட்ட உட்கார்ந்தால் எந்த மென்பொருள் என்ற கேள்வி முதலில் வரும். வசதிப் பட்டியலை வைத்து ஒப்பிடுவது வழக்கம். அவை எங்கே, எந்தத் தொழிலின் வயிற்றில் பிறந்தன என்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

புரோ டூல்ஸ் 1991-இல் வந்தபோது நான்கு தடம் மட்டுமே. விலை 6,000 டாலர். அது டேப் அறையின் பிள்ளை. நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டியவர்களின் கைப்பழக்கம் அதில் இருக்கிறது. அதனால்தான் பெரிய ஸ்டூடியோக்கள் அதை விடவில்லை. ஜெர்மனியில் பிறந்த கியூபேஸும் (1989) லாஜிக்கும் இசையமைப்பாளரின் மேசையிலிருந்து வந்தவை. அட்டாரி கணினியில் மிடி குறிப்புகளை அடுக்கும் கருவிகளாகத் தொடங்கி, பிறகே ஒலிப்பதிவுக்கு வந்தன. லாஜிக்கை உருவாக்கிய நிறுவனத்தை 2002-இல் ஆப்பிள் வாங்கிய பிறகு அது மேக் வைத்திருப்பவரின் சொத்தாகிவிட்டது. 2004-இல் வந்த கராஜ்பேண்டை லாஜிக்கின் தம்பி என்று சொல்லலாம். மேக் உள்ளவருக்கு இலவசம்.

2001-இல் வந்த ஏபிள்டன் லைவ் மேடைக்காரர்களின் கருவி. பெயரிலேயே அது இருக்கிறது. துண்டு துண்டான ஒலிகளை அங்கேயே கோத்து வாசிக்க அதற்கு இணை கிடையாது.

விண்டோஸ் கணினி மட்டுமே கைக்கெட்டிய சிற்றூர்களுக்கு அதிகம் பொருந்தியது எஃப்எல் ஸ்டூடியோ. பெல்ஜியத்தில் 1997 கடைசியில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில், வெறும் டிரம் இயந்திரமாக வந்தது. ஒரு வரிசையில் பதினாறு சதுரம்; எந்தச் சதுரத்தைத் தட்டுகிறீர்களோ அந்த இடத்தில் அடி விழும். இசை எழுதப் படிக்கத் தெரியாதவரும் பத்து நிமிடத்தில் ஒரு குத்துத் தாளத்தைக் கட்டிவிடலாம். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதிய பதிப்பு இலவசம். வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று: அடிமட்ட விலைப் பதிப்பில் குரலைப் பதிய முடியாது, அதற்கு அடுத்த படிக்குப் போக வேண்டும். திருட்டு சிடியில் வந்ததைப் போட்டுப் பழகிய தலைமுறைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ரீப்பரின் பூர்வீகம் சுவாரசியமானது. ஒரு காலத்தில் எல்லா பிரவுசிங் சென்டரிலும் ஓடிய வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கெல் அதை விற்றுவிட்டுப் போய், 2006 வாக்கில் கொண்டுவந்த மென்பொருள் இது. தனிப்பட்ட பயனுக்கு 60 டாலர். 1991-இல் நான்கு தடத்துக்குக் கொடுத்த விலையில் நூறில் ஒரு பங்கு. தடங்களுக்கோ கணினியின் சக்திதான் எல்லை. பழைய, மெதுவான கணினியிலும் ஓடும். ஆனால் முகம் வறட்சியானது. உள்ளே வாத்திய ஒலிகள் என்று பெரிதாக ஒன்றும் வராது.

இனி இவற்றை உள்ளூர் உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். உரைகல் எதுவென்றால், பம்பையும் கூத்தும்.

இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவற்றைத் திறந்ததும் நிமிடத்துக்கு 120 அடி, நான்குக்கு நான்கு என்று ஒரு கட்டம் தயாராக நிற்கும். மாரியம்மன் கோயிலில் சாமி அழைக்கும் பம்பைக்காரருக்கு அந்தக் கட்டம் ஒத்துவராது. அவர் மெதுவாகத் தொடங்குவார். அருள் ஏறுகிற முகத்தைப் பார்த்தபடி வேகத்தைக் கூட்டுவார், நிறுத்துவார், உடுக்கைக்கு விடுவார், மறுபடி பிடிப்பார். கூத்திலும் அடவுக்கேற்பத் தாளம் ஏறும். காதில் டிக் டிக் என்று கிளிக் ஓடவிட்டு இவர்களை வாசிக்கச் சொன்னால், கிளிக் தப்பாது, சாமிதான் வராது. எஃப்எல்லின் பதினாறு சதுரத்தில் ஐந்தின் மடங்கான கண்ட நடையையும் போடலாம்தான். ஆனால் அந்தக் கருவி இயல்பாகவே நான்கு நான்காக நினைக்கிறது; அதனிடம் ஒவ்வொரு முறையும் சண்டை போட வேண்டியிருக்கும்.

அடுத்தது சுருதி. கணினியின் கீபோர்டு ஒலிகள் 440 ஹெர்ட்ஸ் என்ற உலகக் கணக்கில் நிற்கும். கூத்து ஆர்மோனியத்தின் நாக்குகளோ செய்தவர் அராவிய நிலையில் நிற்கும். வயதும் புழுதியும் அதை இன்னும் கொஞ்சம் நகர்த்தியிருக்கும். பாடகர் ‘அஞ்சு கட்டை’ என்பார். அவருடைய அஞ்சு கட்டை கணினியின் அஞ்சு கட்டையோடு மயிரிழை பிசகினாலும், பின்னால் சேர்க்கிற தம்புரா ஒலி காதைக் கூசவைக்கும். முதலில் ஆர்மோனியத்தின் ஒரு சுரத்தை மட்டும் தனியாகப் பதிந்து, கணினி ஒலியை அதற்கு இறக்கிக்கொள்வதே வழி. முதியவரைப் பையனின் சுருதிக்கு இழுக்கக் கூடாது.

இதே காரணத்தால், களத்தில் நடப்பதை நடந்தபடி பதிய நினைக்கிறவருக்குக் கட்டத்தைத் திணிக்காத ஆடாசிட்டி போதும். 2000-இல் வந்த இலவச மென்பொருள். தமிழ் மெனுவும் உண்டு. ஜெனரேட்டரின் உறுமலைக் குறைக்கவும் அதில் வழி இருக்கிறது. கை கொஞ்சம் மிஞ்சினால் முகவீணையின் மூச்சும் சேர்ந்து போய்விடும், அவ்வளவுதான். நான்கைந்து மைக் வைத்துத் தனித்தனித் தடமாகப் பதிகிறவருக்கு ரீப்பர். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, தாளத்தையும் தானே போட்டு யூடியூப்பில் ஏற்றுகிறவருக்கு எஃப்எல். மேக் உள்ளவருக்கு லாஜிக். பேண்ட்லேப் போன்ற செல்போன் செயலிகள் கைக்கு எளிது. ஆனால் அவற்றின் முழுப் பயன் இணையத்தோடுதான், கல்வராயனில் வெள்ளிமலைக்கு மேலே சிக்னல் சீராக இல்லாத ஊர்களில் அதை நம்பி இறங்க முடியாது. புரோ டூல்ஸுக்கு இந்த மாவட்டத்துக் கூத்து மன்றம் எதிலும் அவசியம் தெரியவில்லை.

மென்பொருளைவிட முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. 78 சுற்றுத் தட்டில் வட்டக் காகிதம் ஒட்டி, பாடியவர் பெயரை அச்சிட்டிருந்தார்கள். கேசட் உறையில் நீல மையில் யாரோ எழுதினார்கள். மெமரி கார்டில் இருப்பதோ ‘ரெக்கார்ட் 014’. அடுத்த சித்திரையில் கூவாகத்திலோ, ஆடியில் உங்கள் ஊர் அம்மன் கோயிலிலோ பதிகிறவர்கள், அன்று இரவே கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள்: ஊர், தேதி, கூத்தின் பெயர், வாத்தியார் பெயர், மத்தளமும் முகவீணையும் வாசித்தவர்கள் பெயர்.