சுயேச்சைக்கு எத்தனை வரி?

இந்தியத் தேர்தல் செய்திகளில் சுயேச்சை வேட்பாளருக்கு வழக்கமாக மூன்று இடங்கள் உண்டு. மனுத் தாக்கல் நாளில் ஒரு புகைப்படம், சின்னம் ஒதுக்கிய மறுநாள் இறுதிப் பட்டியலில் ஒரு பெயர், முடிவு வந்த பிறகு டெபாசிட் பறிபோனவர்களின் கணக்கில் ஒரு எண். ஆனால், நிலைமை தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை.

1951-52 முதல் பொதுத்தேர்தலில் மக்களவைக்குப் போட்டியிட்ட 1,874 பேரில் 533 பேர் சுயேச்சைகள். அவர்களில் 37 பேர் வென்றார்கள். சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றது 152 மட்டுமே. 62 இடங்கள் சுயேச்சைகளிடம் இருந்தன. அவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதைப் பொறுத்தே ஆட்சி அமையும் என்ற நிலையில், பத்திரிகைகள் அவர்களை ஒதுக்கிவிட முடியாது. அன்றைய சுயேச்சைகளில் பலர் ஜமீன் குடும்பத்தினர், வக்கீல்கள், மில் முதலாளிகள் என்று வட்டாரத்தில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர்கள். வாக்குச்சாவடியிலும் ஒரு சமத்துவம் இருந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. வாக்காளர் தன் சீட்டை விரும்பிய பெட்டிக்குள் போட்டுவிட்டு வரலாம். 1957இல் 42 சுயேச்சைகள் மக்களவைக்குப் போனார்கள். பதிவான வாக்குகளில் 19 சதவீதத்துக்கு மேல் சுயேச்சைகளுக்குக் கிடைத்தது. அந்த அளவு அதன்பிறகு எட்டப்படவே இல்லை.

கட்சிகள் வேரூன்ற வேரூன்றச் சுயேச்சையின் பலம் குறைந்தது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், வென்றபின் ஒரு கட்சியில் சேரும் சுயேச்சையின் பதவியையும் பறித்தது; பேரம் பேசும் வாய்ப்பும் சுருங்கியது. 1991இல் மக்களவைக்கு வென்ற சுயேச்சை ஒரே ஒருவர். ஆனால், நிற்பவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெற்றிவாய்ப்பு இல்லாத ஆயிரக்கணக்கானவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குச் செய்தி அறைகள் கண்ட விடை, வேடிக்கை.

அந்த வேடிக்கைக்கு நாயகர்கள் அமைந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் பரேலியைச் சேர்ந்த காகா ஜோகிந்தர் சிங் 300க்கும் அதிகமான தேர்தல்களில் நின்று தோற்றவர். 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில் 1,135 வாக்கு மதிப்புடன் நான்காம் இடம் பெற்றார். தமிழ்நாட்டில் அந்த நாயகன் இடம் மேட்டூர் கு. பத்மராஜனுக்கு. டயர் பழுதுபார்க்கும் கடை நடத்திய இவர் 1988 முதல் மனுத் தாக்கல் செய்துவருகிறார். 200 தேர்தல்களை எப்போதோ தாண்டிவிட்டார். நரசிம்ம ராவ், வாஜ்பாய், மன்மோகன் சிங் என்று பிரதமர்களை எதிர்த்தெல்லாம் மனுப் போட்டிருக்கிறார். ‘தேர்தல் மன்னன்’ என்று பத்திரிகைகள் சூட்டிய பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2011இல் மேட்டூர் தொகுதியில் அவருக்கு 6,273 வாக்குகள் விழுந்தன. அவருடைய உச்சம் அதுதான். தோல்வியையே சாதனையாக்கிக்கொண்ட ஒருவரை ஊடகம் கொண்டாடியதில் தவறில்லை. சிக்கல் என்னவென்றால், மற்ற சுயேச்சைகளும் அதே அச்சில் வார்க்கப்பட்டார்கள். டெபாசிட் தொகையைச் சில்லறைக் காசாக மூட்டையில் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார் ஒருவர். அலுவலக ஊழியர்கள் அதை எண்ணிக்கொண்டிருப்பார்கள். மாட்டுவண்டியில் வருவார் இன்னொருவர், காந்தி வேடத்தில் மற்றொருவர். மறுநாள் படம் வரும். அவர் எதற்காக நிற்கிறார் என்பது படத்தின் கீழே ஒரு வரியில் அடங்கிவிடும்.

இந்த வழக்கத்தைக் கூட்டமாகப் பயன்படுத்திக்கொண்ட ஆண்டு 1996. ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகள் கவனிக்கப்படவில்லை என்று திரளாக மனுத் தாக்கல் செய்தார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சாக வேண்டியிருந்தது, பெரிய பெட்டிகள் தேவைப்பட்டன, வாக்குப்பதிவு தள்ளிப்போனது. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். சுயேச்சைகளில் பலருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். நல்கொண்டாவில் ஃப்ளூரைடு கலந்த தண்ணீர்தான் பிரச்சினை, பெல்காமில் எல்லைத் தகராறு. தனித்தனியாக ஒரு வரிகூடப் பெறாதவர்கள் எண்ணிக்கையால் தேசியச் செய்தியானார்கள். ஆனாலும் தலைப்பில் நின்றது எண்ணிக்கைதான். மொடக்குறிச்சி என்றதும் இன்றும் 1,033 நினைவுக்கு வருகிறது. விவசாயிகள் என்ன கேட்டார்கள் என்பது வருவதில்லை.

அரசின் பதில் உடனே வந்தது. அந்த ஆண்டே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. மக்களவை டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது, சட்டமன்றத்துக்கு 250இலிருந்து 5,000. சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆனது. பட்டியலிலும் வரிசை வகுக்கப்பட்டது: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பிறகு பதிவு பெற்ற கட்சிகள், கடைசியில் மற்றவர்கள். செய்தித்தாள் அட்டவணைகளில் பழகிப்போன வரிசை, சட்டத்திலும் ஏறியது. 1996இல் 13,952 ஆக இருந்த மக்களவை வேட்பாளர் எண்ணிக்கை 1998இல் 4,750க்கு இறங்கியது. இப்போது மக்களவை டெபாசிட் 25,000 ரூபாய். பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும்.

வானொலி, தொலைக்காட்சியின் கதவு இவர்களுக்குத் திறந்ததே இல்லை என்று சொல்லலாம். ஆகாஷ்வாணியிலும் தூர்தர்ஷனிலும் தேர்தல் உரைக்கு இலவச நேரம் அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளுக்கு மட்டுமே. 2009 தேர்தலோடு வெளிச்சத்துக்கு வந்த ‘காசுக்குச் செய்தி’ விவகாரம் அச்சு ஊடகத்தின் கதவும் எப்படித் திறக்கிறது என்பதைக் காட்டியது. வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பிரசாரத்தைச் செய்தியாகவே வெளியிடும் வழக்கத்தை இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010இல் விசாரித்து அறிக்கை தந்தது. பணமில்லாத வேட்பாளர் அந்தச் சந்தையில் இருக்கவே முடியாது.

வேட்பாளர்கள் சொத்து, வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, செய்தியாளர்களுக்குப் புதுச் சுரங்கம் கிடைத்தது. 2019 பெரம்பூர் இடைத்தேர்தலில் ஒரு சுயேச்சை, கையில் ரொக்கம் 1.76 லட்சம் கோடி ரூபாய், உலக வங்கியில் கடன் 4 லட்சம் கோடி ரூபாய் என்று எழுதிக்கொடுத்தார். 2ஜி விவகாரத்தில் அடிபட்ட அதே தொகை. பிரமாணப் பத்திரத்தை யாரும் சரிபார்ப்பதில்லை என்று காட்டவே அப்படி எழுதினார். மனு ஏற்கப்பட்டது, அவர் வாதம் நிரூபணமானது, படமும் வந்தது.

அதே ஆண்டு தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 வேட்பாளர்கள். பெரும்பாலோர் மஞ்சள் வாரியமும் கட்டுப்படியாகும் விலையும் கேட்ட விவசாயிகள். நோட்டாவையும் சேர்த்து ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவுப் பெட்டிகளை இணைக்க வேண்டியிருந்தது. இந்த முறை கோரிக்கையும் எண்ணிக்கையோடு சேர்ந்தே பேசப்பட்டது; அன்றைய முதல்வரின் மகளான கவிதா அங்கே தோற்றதும் ஒரு காரணம். தேசிய மஞ்சள் வாரியம் 2023இல் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்திலேயே தொடங்கப்பட்டது.

இப்போதைய விதிகளில் எந்தச் சுயேச்சைக்கும் பத்திரிகையில் இடம் உறுதி என்றால், அது ஒரே ஒரு வகையில்தான். குற்ற வழக்கு உள்ள வேட்பாளர்கள் அந்த விவரத்தைப் பரவலாக விற்கும் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்சி வேட்பாளர், சுயேச்சை என்ற பேதம் அதில் இல்லை. விளம்பரக் கட்டணம் வேட்பாளருடையது. வழக்கு எதுவும் இல்லாத சுயேச்சைக்கு இந்த மூன்று முறையும் கிடையாது.