கொங்கோச் சதுப்புநிலக் காடுகளின் வரைபடம்: ஒரு வரலாற்று நோக்கு

நிலப்பட வரைவின் வரலாறு பெரும்பாலும் மேற்பரப்பின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது. ஆறும் மலையும் எல்லைக்கோடும் படங்களில் இடம்பெற்றன. மண்ணுக்கடியில் உள்ளவை விடுபட்டன. இவ்விடுபாடு எத்துணைப் பெரிது என்பதை மத்திய ஆபிரிக்காவின் கொங்கோப் படுகை உணர்த்துகின்றது.

நீர் தேங்கிய காடுகளில் உதிரும் இலையும் வேரும் ஒட்சிசன் போதாமையால் முற்றாக உக்குவதில்லை. அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து, காபன் செறிந்த முற்றா நிலக்கரிப் படையாகின்றன. டும்பா ஏரிக்கரையில் இத்தகைய படிவு உண்டென 1950களிலேயே பெல்ஜிய ஆய்வாளர் குறித்திருந்தனர். ஆயினும் படுகையில் அதன் முழுப்பரப்பு அளக்கப்படாமலே கிடந்தது.

2012இல் கிறெற்றா டார்ஜி, சைமன் லூயிஸ் முதலானோர் கொங்கோக் குடியரசின் ஆய்வாளரோடும் கிராமத்தவரோடும் களத்தில் இறங்கினர். நீர் தேங்கும் இடங்களையும் காட்டின் வகையையும் செய்மதிப் படங்கள் காட்டின. மண்ணின் ஆழத்தை அவை காட்டமாட்டா. ஆகவே சேற்றினூடே நேர்கோட்டில் நடந்து, இடைக்கிடையே துளைகோல் இறக்கி, படையின் தடிப்பை அளந்தனர். 2017இல் வெளிவந்த முடிவின்படி அந்நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 145,500 சதுர கிலோமீற்றர். அதில் அடங்கிய காபன் ஏறக்குறைய 3,060 கோடி தொன். இம்மதிப்பீடு ஆற்றின் ஒரு புறத்து அளவைகளையே ஆதாரமாகக் கொண்டிருந்தது. மறுபுறத்தே, கொங்கோ சனநாயகக் குடியரசிலும் களப்பணி நிகழ்ந்தபின், 2022இல் பரப்பு 167,600 சதுர கிலோமீற்றர் எனத் திருத்தப்பட்டது.

இந்தோனேசியாவில் வரலாறு வேறாக அமைந்தது. 1995இல் மத்திய கலிமந்தானில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டேயர் சதுப்புநிலத்தை நெல்வயலாக்க முனைந்து, கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தனர். நீர் வடிந்த படை உலர்ந்தது. 1997இன் வரட்சியில் தீப்பற்றியது. நெல் விளையவில்லை. அவ்வாண்டில் இந்தோனேசியச் சதுப்புத் தீயினால் வெளியேறிய காபன் 81 கோடி முதல் 257 கோடி தொன் வரை என 2002இல் மதிப்பிடப்பட்டது. அங்கே அழிவு முந்தியது, கணக்கு பிந்தியது.

கொங்கோவிலோ வரைபடம் முந்திக்கொண்டது. 2018இல் இரு கொங்கோ நாடுகளும் இந்தோனேசியாவும் பிறசாவில் நகரில் இந்நிலங்களைக் காப்பதற்கான பிரகடனத்தில் ஒப்பமிட்டன. எனினும் 2022இல் கொங்கோ சனநாயகக் குடியரசு ஏலத்துக்கு விட்ட எண்ணெய்ப் பகுதிகளுட் சில இதே நிலத்தின்மேல் அமைந்திருந்தன. 2024இல் அவ்வேலம் கைவிடப்பட்டது. வறிய நாடொன்று எண்ணெய் வருவாயை நாடுவது வியப்பன்று. அந்நிலத்தைக் காக்கும் சுமையை அந்நாடு மட்டும் தனித்துத் தாங்கவேண்டும் என்பதும் நீதியன்று.

வரைபடம் தானாக எந்நிலத்தையும் காப்பதில்லை. ஆனால் அது வரையப்பட்ட பின்னர், அறியாமற் செய்தோம் என்று கூறும் வாய்ப்பு எவர்க்கும் இல்லை.