புழுங்கலரிசியும் பைருவிக் அமிலமும்

ஆராய்ச்சிக்கூடங்களுக்கென விற்கப்படும் இரசாயனப் பொருள்களுள் சோடியம் பைருவேட் என்பதும் ஒன்று. பார்வைக்கு வெறும் வெண்தூள். உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்ப்போர் அவற்றின் உணவில் இதனைக் கலப்பர். இது பைருவிக் அமிலத்தின் உப்பு. அவ்வமிலத்திற்குப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ். திராட்சையினின்று கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தைச் சூடாக்கி இதனைப் பெற்ற அவர், 1835இல் 'நெருப்பு', 'திராட்சை' என்னும் பொருள்படும் இரு சொற்களை இணைத்துப் பெயர் சூட்டினார். இது நம் உடலுக்குள்ளும் ஓயாது தோன்றி மறைவது என்பது நெடுங்காலம் எவருக்கும் தெரியாது. தெரியவந்த கதையில் மலாயாத் தமிழரின் சோற்றுப்பானைக்கும் பங்குண்டு.

பந்திங், கிள்ளான் முதலிய சிலாங்கூர் வட்டாரங்களின் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் உண்டது புழுங்கலரிசி. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் உண்டதோ ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி. சீனரிடையே பெரிபெரி நோய் பரவியது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து பல்லாயிரவர் மாண்டனர். தமிழரை அந்நோய் பெரிதும் அணுகவில்லை. (மலேரியா அவர்களை விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.) நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் இவ்வேறுபாட்டைக் கண்டு, 1907இல் நூலாகவே எழுதினார். பழகிய வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் முடிவு. காரணம் தவறு, கண்ட காட்சி சரி.

அதனைச் சோதித்தவர் பிளெச்சர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில், 1905 டிசம்பர் 5ஆம் நாள், நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண்ணினர் ஒரு கட்டடத்திற்கு. அவர்களுக்குச் சயாம் வெள்ளையரிசி. இரட்டை எண்ணினர் எதிர்க் கட்டடத்திற்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டு முடிவில் வெள்ளையரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. சோதனை தெளிவானதே, எனினும் மறுக்கும் நிலையிலில்லாத மனிதர்மீது அது நடத்தப்பட்டது. பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினரான பிரேசரும் ஸ்டான்டனும், ஜெலுபுவில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, நோய்க்குக் காரணம் நஞ்சன்று, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்தின் குறைவே என 1909இல் காட்டினர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்தில் ஒரு பகுதி நீரோடு அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முற்றும் போவதில்லை. நெல் அவித்த நம் பெண்களுக்கு இவ்விளக்கம் தெரியாது, செய்முறை தெரியும். 1926இல் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் ஜாவாவில் அச்சத்தைப் படிகமாகப் பிரித்தனர். 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கிக்காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர் நெல்லூர். அதுவே தயமின் என்னும் பி1 வைட்டமின்.

அது உடலில் செய்யும் வேலை யாது? இங்கேதான் பைருவிக் அமிலம் வருகிறது. சோற்றின் மாவுப்பொருள் குளுக்கோசாகி, ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறும் இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகப் பிளவுறும். அவ்வமிலம் மேலும் எரிந்து முழு ஆற்றலைத் தரவேண்டுமாயின் தயமின் துணை வேண்டும். துணையின்றேல் அது வழியில் தேங்கும். மூளையும் இதயமும் வாடும். ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ் குழுவினர் தயமின் இழந்த புறாக்களின் மூளைத் திசுவை ஆராய்ந்து 1930களில் இதனைத் தெளிவாக்கினர். அறுத்துப் பார்த்தால் புலப்படாத, வேதிவினையில் மட்டும் நேரும் இக்கேட்டிற்கு 'உயிர்வேதியியல் புண்' எனும் பொருளில் ஒரு பெயரும் இட்டனர். ஷாங்காயில் பிளாட், லூ என்னும் இருவர் பெரிபெரி நோயாளிகளின் குருதியிலேயே பைருவிக் அமிலம் மிகுந்திருப்பதை அளந்து கண்டனர்.

கோலாலம்பூரில் வெள்ளையரிசி உண்டு இறந்த அந்தப் பதினெண்மரின் குருதியிலும் அதுவே தேங்கியிருந்திருக்க வேண்டும். 1906இல் அதை அளக்கும் வழி எந்த மருத்துவரிடமும் இல்லை.